கருணையா, மறுதீர்ப்பா: 1893-இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் முன் இருந்த வழிகள்

1893 ஜனவரியில் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் இல்லினாய் மாநிலத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது, ஹேமார்க்கெட் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டனை பெற்று ஜோலியட் சிறையில் இருந்த மூன்று கைதிகளைப் பற்றிய முடிவு அவருக்காகக் காத்திருந்தது. சாமுவேல் ஃபீல்டனுக்கும் மைக்கேல் ஷ்வாபுக்கும் ஆயுள் தண்டனை. ஆஸ்கர் நீபுக்குப் 15 ஆண்டுகள். இவர்களை விடுவிக்க வேண்டும் என்று சிகாகோவின் வணிகர்கள், வங்கியாளர்கள், வழக்கறிஞர்கள், நீதிபதிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டிருந்தார்கள். அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதையும், நம் கணக்கில் அவர் முதலமைச்சருக்கு நிகரானவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், அந்த முடிவின் சுமை நமக்கு விளங்கும். மன்னிக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு நிற்க வேண்டியவரும் அவரே.

அவருக்கு நான்கு வழிகள் இருந்தன. கோப்பைத் தொடாமல் விட்டுவிடலாம். மூவரும் போதுமான காலம் சிறையில் இருந்துவிட்டார்கள் என்று இரக்கத்தின் பேரில் விடுவிக்கலாம். மூவரையும் தனித்தனியே பிரித்து, ஆளுக்கு ஏற்ற முடிவை எடுக்கலாம். அல்லது விசாரணையே நேர்மையாக நடக்கவில்லை என்று காரணங்களை எழுதி, முழு மன்னிப்பு வழங்கலாம். அவர் நான்காவதைத் தேர்ந்தார். அதற்கு முழு விலையும் கொடுத்தார். அது சரியான தேர்வுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மற்ற வழிகளுக்கும் வலுவான நியாயங்கள் இருந்தன. அவற்றை எடைபோடாமல் அவரைப் புகழ்வது அவருக்கே நியாயம் செய்வதாகாது.

முதலில் வழக்கு. எட்டு மணி நேர வேலைநாள் கேட்டு 1886 மே 1 அன்று சிகாகோவில் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 3 அன்று மெக்கார்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை அருகே காவலர்கள் தொழிலாளர்கள்மீது சுட்டார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம் நடந்தது. நகர மேயர் கார்ட்டர் ஹாரிசன் நேரில் வந்து கேட்டுவிட்டு, கூட்டம் அமைதியாகவே நடக்கிறது என்று காவல் அதிகாரி ஜான் பான்ஃபீல்டிடம் சொல்லிவிட்டுப் போனார். மழை மேகம் திரண்டு, கூட்டம் சில நூறு பேராகச் சுருங்கிய வேளையில், சுமார் 180 காவலர்களுடன் பான்ஃபீல்ட் உள்ளே நுழைந்தார். வண்டி ஒன்றின்மேல் நின்று பேசிக்கொண்டிருந்த ஃபீல்டன், நாங்கள் அமைதியாகத்தானே இருக்கிறோம் என்று சொன்ன சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஒரு வெடிகுண்டு காவலர் வரிசைக்குள் விழுந்தது. அதன் பின் துப்பாக்கிச் சூடு. ஏழு காவலர்கள் இறந்தார்கள். கூட்டத்தினரிலும் குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். சென்னைக் கடற்கரையில் 1923-இல் ம. சிங்காரவேலர் கொண்டாடிய மே நாளின் வேர் இந்த நான்கு நாட்களில்தான் இருக்கிறது.

குண்டை வீசியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. எனினும் அராஜகவாதத் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த எட்டுப் பேர்மீது கொலை வழக்கு நடந்தது. அவர்கள் பேச்சாலும் எழுத்தாலும் தூண்டினார்கள், யாரோ ஒருவர் அதன்படி வீசினார் என்பதே அரசுத் தரப்பு வாதம். நீதிபதி ஜோசப் கேரி அந்த வாதத்துக்கு இடம் கொடுத்தார். ஏழு பேருக்குத் தூக்கு, நீபுக்குச் சிறை. 1887 நவம்பரில் அப்போதைய ஆளுநர் ரிச்சர்ட் ஓகிள்ஸ்பி, மனு எழுதிக் கேட்ட ஃபீல்டன், ஷ்வாப் இருவரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். கருணை வேண்டாம், விடுதலை வேண்டும் என்று நின்றவர்களுக்குக் குறைப்பு கிடைக்கவில்லை. அவர்களில் லூயி லிங் சிறையறையிலேயே வெடிபொருளை வெடிக்கவைத்து இறந்தார். நவம்பர் 11 அன்று ஸ்பீஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கல் ஆகிய நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஜூரி தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆல்ட்கெல்டின் முடிவு அதன்மேல்தான் நிற்கிறது. வழக்கமாக ஜூரிகளின் பெயர்கள் பெட்டியிலிருந்து குலுக்கி எடுக்கப்படும். இந்த வழக்கில் அப்படியன்றி, ஹென்றி ரைஸ் என்ற தனி அமீனா, தாமே ஆட்களைத் தேடிப் பிடித்து அழைத்துவர நியமிக்கப்பட்டார். 12 பேரைத் தேர்ந்தெடுக்க 981 பேர் விசாரிக்கப்பட்டார்கள். காரணம் சொல்லாமல் நிராகரிக்கும் உரிமை எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஒவ்வொருவருக்கும் 20 வீதம், எட்டுப் பேருக்குமாக 160 முறை இருந்தது. வழக்கை நடத்துவதே நான்தான், இவர்கள் தூக்கில் தொங்கப்போவது உறுதி, எதிர்த் தரப்பு நிராகரித்தே தீர வேண்டிய ஆட்களாகப் பார்த்து அழைக்கிறேன், அவர்கள் தங்கள் வாய்ப்புகளை வீணாக்கித் தீர்த்த பிறகு அரசுத் தரப்பு விரும்பும் ஆட்கள்தான் மிஞ்சுவார்கள் என்று ரைஸ் சொன்னதாகச் சிகாகோ வணிகர் ஒருவர் பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். கூண்டில் ஏறியவர்களில் பலர், எதிரிகள் குற்றவாளிகள் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நீதிபதி அவர்களை விலக்குவதற்குப் பதிலாக, சாட்சியங்களைக் கேட்டு நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, முடியும் என்று ஒருவர் சொன்னதும் தகுதியானவர் என்று ஏற்றுக்கொண்டார். இறந்த காவலர் ஒருவரின் உறவினருக்குக்கூட அப்படியே தகுதி வழங்கப்பட்டது. அவர்களை விலக்க எதிர்த் தரப்பு தன் 160 வாய்ப்புகளையும் செலவழிக்க வேண்டியதாயிற்று.

இதைப் படித்துப் பார்க்க வந்தவர் எப்படிப்பட்டவர்? ஆல்ட்கெல்ட் 1847-இல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக ஒஹாயோவுக்கு வந்தவர். உழவர் குடும்பம், மகன் படிப்பதைத் தந்தை விரும்பவில்லை. 16 வயதில் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்தார். பிறகு பள்ளி ஆசிரியர், ரயில் பாதைக் கூலி, பண்ணை வேலையாள். மிசோரியில் சட்டம் படித்து, 1874-இல் ஆண்ட்ரூ மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டே சிகாகோ வந்து, வழக்குத் தொழிலோடு நில வணிகத்திலும் இறங்கிப் பெரும் செல்வம் சேர்த்தார். 1884-இல் சிறை முறையைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல், ஏழைகளையும் முதல்முறை தவறியவர்களையும் சட்ட இயந்திரம் எப்படி நிரந்தரக் குற்றவாளிகளாக்குகிறது என்பதைப் பேசியது. 1886 முதல் 1891 வரை குக் மாவட்ட உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். இல்லினாயில் வெளிநாட்டில் பிறந்த முதல் ஆளுநர் அவரே. அரசுத் தரப்பாகவும் நீதிபதியாகவும் இருந்த ஒருவர் விசாரணைப் பதிவேட்டைப் படிக்கும்போது, எது வழக்கமான பிழை, எது திட்டமிட்ட வேலை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய முடிவைச் சிகாகோவில் இருந்த எந்த நல்லெண்ணக்காரருடைய கருத்தோடும் சமமாக வைக்க முடியாதது இதனால்தான்.

முதல் வழி, எதையும் செய்யாமல் இருப்பது. இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. மாநில உச்ச நீதிமன்றம் 1887-இல் தீர்ப்பை உறுதி செய்திருந்தது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்திருந்தது. நீதிமன்றங்கள் முடித்துவைத்த ஒன்றை ஆட்சியாளர் கிளறக்கூடாது என்பது மதிக்கத்தக்க கொள்கை. ஆல்ட்கெல்டுக்கு முன் இருந்த ஆளுநரும் இந்த வழியில்தான் போனார். 1893-ஆம் ஆண்டின் நேரமும் மோசம்: உலகக் கண்காட்சிக்காக உலகமே சிகாகோவில் கூடியிருந்தது, மே மாதத்தில் நிதி நெருக்கடி வெடித்து வங்கிகள் சரியத் தொடங்கின. இன்னும் ஓராண்டு பொறுக்கலாமே என்று எவரும் சொல்லியிருக்கலாம். ஆனால் பொறுப்பது ஆளுநர் இல்லை, ஜோலியட்டில் இருந்த மூவர்தான். நீபின் மனைவி அவர் சிறையில் இருந்தபோதே இறந்துபோயிருந்தார். பதிவேட்டைப் படித்து முடித்து, விசாரணை நேர்மையற்றது என்று உணர்ந்துவிட்ட ஒருவருக்கு, அதன் பிறகு இந்த வழி இல்லை.

இரண்டாவது, இரக்கத்தின் பேரில் விடுவிப்பது. அரசியல் கணக்கில் இதைவிட எளிய வழி இல்லை, எல்லோரும் கேட்டதும் இதைத்தான். 1887-லேயே நீதிபதி கேரியும் அரசு வழக்கறிஞர் கிரின்னலும்கூடத் தண்டனையைக் குறைக்கும்படி ஓகிள்ஸ்பிக்குப் பரிந்துரை எழுதியிருந்தார்கள். ஏழாண்டுகள் கடந்துவிட்டன, ஊர் அமைதியாகிவிட்டது, இவர்கள் பட்டது போதும் என்று நான்கு வரியில் ஓர் ஆணை பிறப்பித்திருந்தால், செய்தித்தாள்கள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கியிருக்கும். பல தாள்கள் பாராட்டியே இருக்கும். மூவரும் அதே நாளில், அதே வாசல் வழியாகத்தான் வெளியே வந்திருப்பார்கள். அப்படியானால் நான்காவது வழியால் அவர்களுக்குக் கூடுதலாக என்ன கிடைத்தது என்ற கேள்வி நியாயமானது. ஆல்ட்கெல்டைக் குறை சொல்பவர்களில் தீயவர்கள் அல்லாத பலரும் கேட்ட கேள்வி இது.

நம் மொழியில் இதற்கு வழங்கும் பெயரே பதிலைக் காட்டுகிறது. கருணை மனு என்று சொல்கிறோம். குற்றம் செய்தவர்மேல்தான் கருணை காட்ட முடியும். குற்றம் நிரூபிக்கப்படாதவர்மேல் காட்டும் கருணை, அவர் குற்றவாளிதான் என்று இன்னொரு முறை முத்திரை குத்துவதாகும். ஆல்ட்கெல்ட் தம் ஆணையின் தொடக்கத்திலேயே இந்த வேறுபாட்டைக் கோடு கிழித்தது போலப் பிரித்தார். மனுதாரர்களில் பெரும்பாலோர், குற்றவாளிகள் என்றே வைத்துக்கொண்டாலும் தண்டனை போதும் என்கிறார்கள். வழக்கை ஊன்றிப் படித்த சிலர் முற்றிலும் வேறு காரணங்களுக்காகக் கேட்கிறார்கள் என்று குறித்தார். அதற்கு மேலும் ஒரு படி போனார். விசாரணை நேர்மையாக நடந்து, குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால், அரசு தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும், எந்தத் தண்டனையும் கடுமையானதாகாது, ஆளுநர் தலையிடவே கூடாது என்று எழுதினார். அதாவது, தமக்கு மிகவும் வசதியாக இருந்த இரண்டாவது வழியின் கதவைத் தாமே அடைத்துவிட்டார். ஒன்று, இவர்கள் கொலைக்கு உடந்தை, அப்படியானால் உள்ளேயே இருக்கட்டும். அல்லது நிரூபிக்கப்படவில்லை, அப்படியானால் வெளியே வரட்டும். நடுவில் இரக்கத்துக்கு அவர் இடம் வைக்கவில்லை. இது கடுமையான நிலைப்பாடு. முன்னாள் நீதிபதி ஒருவருக்கு இதைவிட நேர்மையான நிலைப்பாடு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வழியில் இன்னொரு பெரிய குறையும் உண்டு. எனக்கு இதுவே முடிவான காரணம். கருணை உயிரோடு இருப்பவர்களை மட்டுமே எட்டும். ஒரே குற்றச்சாட்டின்மேல், ஒரே ஜூரியின் முன், ஒரே விசாரணையில் தண்டிக்கப்பட்டவர்களில் நால்வர் தூக்கில் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த மூவரை இரக்கத்தால் விட்டிருந்தால், இறந்தவர்கள் அரசுப் பதிவேட்டில் என்றென்றும் கொலையாளிகளாகவே நின்றிருப்பார்கள். விசாரணை செல்லாது என்று எழுதினால்தான் அவர்களையும் அது தொடும். ஆணையில் மூன்று பெயர்கள்தான் இருந்தன. ஆனால் காரணங்கள் எட்டுப் பேருக்கும் பொருந்தின.

மூன்றாவது வழியான பிரித்துப் பார்ப்பதை, வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரு வழக்கறிஞருக்கு அது உடனே தோன்றியிருக்கும். மூவரின் நிலையும் ஒன்றல்ல. நீபுக்கு எதிராக இருந்தவை ஒரு ஜெர்மன் தொழிலாளர் நாளிதழில் அவர் வைத்திருந்த சொற்பப் பங்கும், வீட்டில் கிடைத்த சில பொருட்களும்தான். அவர் அன்றிரவு ஹேமார்க்கெட்டுக்கே போகவில்லை. அவருக்கு எதிராக வழக்கு இல்லை என்று கிரின்னலே சொன்னதாகவும், அவரை மட்டும் விடுவித்தால் மற்றவர்கள்மேல் உள்ள வழக்கு ஜூரியின் கண்ணில் பலவீனமாகிவிடும் என்று அஞ்சியே விடாமல் வைத்திருந்ததாகவும் மேயர் ஹாரிசனும் நகரத்தின் சட்ட ஆலோசகரும் எழுத்தில் உறுதிப்படுத்தியிருந்தார்கள். கிரின்னல் அதை மறுத்தார். ஷ்வாப் சதுக்கத்துக்கு வந்துவிட்டு, குண்டு வெடிப்பதற்கு முன்பே வேறொரு கூட்டத்தில் பேசப் போய்விட்டார். ஃபீல்டன் மட்டும் அந்த இடத்திலேயே, வண்டியின்மேல் நின்றவர். அவர் சுட்டதாகச் சாட்சி சொன்ன காவலர்களும் இருந்தார்கள். எனவே நீபுக்கு முழு மன்னிப்பு, ஷ்வாபுக்கு விடுதலை, ஃபீல்டனுக்குத் தண்டனைக் குறைப்பு என்று அளந்து கொடுத்திருந்தால், நிதானமான ஆளுநர் என்ற பெயரும் கிடைத்திருக்கும், நீபுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் வெளியே வந்திருக்கும். இந்த வழியின் ஈர்ப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜூரியே பொறுக்கி எடுக்கப்பட்டது என்றால், அந்த ஜூரி ஃபீல்டனைப் பற்றிச் சொன்னதுமட்டும் எப்படிச் செல்லும்? அடித்தளம் பழுது என்று கண்ட பிறகு, எந்த அறை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருப்பதில் பயனில்லை.

நான்காவது வழியை அவர் 1893 ஜூன் 26 அன்று எடுத்தார். ஜூரி தண்டிப்பதற்கென்றே பொறுக்கி எடுக்கப்பட்டது, ஜூரிகள் தாங்களே சொன்ன பதில்களின்படி சட்டத் தகுதி அற்றவர்கள், குற்றம் நிரூபிக்கப்படவில்லை, நீபின்மேல் வழக்கே இல்லை என்று அரசுத் தரப்பே சொன்னது, நீதிபதி காழ்ப்போடு நடந்துகொண்டார். இவையே அவர் வைத்த ஐந்து காரணங்கள். இவற்றில் இரண்டாவதுக்கு அவ்வாண்டில் புதிய வலு கிடைத்திருந்தது. சிகாகோவின் வேறொரு வழக்கான கிரோனின் கொலை வழக்கில், ஏற்கெனவே கருத்து உருவாகிவிட்ட ஜூரி, நியாயமாக நடப்பேன் என்று சொல்வது மட்டும் போதாது என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1893-இல் தீர்ப்பைத் தள்ளுபடி செய்திருந்தது. அதே நீதிமன்றத்தின் அளவுகோலால் அளந்தால் 1886 விசாரணை நிற்காது. ஆளுநர் நீதிமன்றத்தை அவமதித்தார் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. காவல்துறை ஆண்டுக்கணக்கில் தொழிலாளர்களைத் தடியால் அடித்ததையும், 1885 டிராம் வேலைநிறுத்தத்தில் பான்ஃபீல்ட் நடந்துகொண்ட விதத்தையும் எடுத்துச் சொல்லி, குண்டை வீசியவர் பெரும்பாலும் தனிப்பட்ட பழிவாங்கலாகவே வீசியிருக்க வேண்டும் என்று வாதாடினார். நீதிபதி கேரியைப் பெயர் சொல்லிக் கடுமையாகத் தாக்கினார். இந்த இடத்தில்தான் நான்காவது வழி இரண்டாகப் பிரிகிறது: முதல் நான்கு காரணங்களோடு நிறுத்தியிருக்கலாம்; ஐந்தாவதையும் எழுதியிருக்கலாம். பழிவாங்கல் பற்றிய பகுதி தேவையற்றது என்றே எனக்குப் படுகிறது. குண்டு யார் வீசினார் என்று தெரியாது என்பதே குற்றம் சாட்டப்பட்டவர்களின் பலம். அங்கே ஓர் ஊகத்தை வைத்தது, கொலைக்கு நியாயம் கற்பிக்கிறார் என்று கூவ எதிராளிகளுக்கு வாய்ப்பளித்தது. லிங் வெடிகுண்டு செய்தவர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. விசாரணை அக்கால வழக்கத்துக்கு அப்படி ஒன்றும் மாறானதல்ல என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டும் இருக்கிறார்கள். ஜூரியைப் பற்றிய காரணங்கள் அந்த வாதங்களைத் தாங்கும், ஊகம் தாங்காது. கேரியைப் பற்றிய பகுதியோ வேறு. அதே ஆண்டு ஏப்ரலில் கேரி ஒரு புகழ்பெற்ற மாத இதழில் தம் விசாரணையை ஆதரித்து நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். தீர்ப்பை மக்கள் மன்றத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் அவர். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தால், ஆணை பாதி பேசியதாகவே இருந்திருக்கும். சொல்லின் சூட்டைக் குறைத்திருக்கலாம். பகுதியையே விட்டிருக்க முடியாது.

பின்விளைவு தெரியாமல் அவர் இதைச் செய்யவில்லை. மன்னிப்பை விரைவுபடுத்தச் சொல்லி வந்த சிகாகோ வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோவிடம், அப்படிச் செய்தால் அந்த நாளிலிருந்து தம் அரசியல் வாழ்வு முடிந்துவிடும் என்று அவர் சொன்னதை டாரோ பின்னாளில் எழுதிவைத்தார். ஆணைகளைக் கைப்பட எழுதிய இளம் எழுத்தர் பிராண்ட் விட்லாக், பின்னாளில் டொலிடோ நகர மேயரானவர், அன்றைய காட்சியையும் பதிவு செய்திருக்கிறார். எட்டுப் பேர்மேல் குற்றம் சாட்டிய பெருஞ்சான்றாயத்தில் (கிராண்ட் ஜூரி) ஒருவராக இருந்து, பிறகு மனம் வருந்தி விடுதலைக்காக உழைத்த வங்கியாளர் டிரையரும் அந்த அறையில் இருந்தார். ஆணைகளைச் சிறைக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு அவருக்கே கிடைத்தது. நன்றி சொல்ல வாயெடுத்து, முடியாமல் அழுதுவிட்டார். ஆளுநர் தம் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, ரயிலைத் தவற விட்டுவிடுவீர்கள் என்று மட்டும் சொன்னார்.

சிகாகோவின் முன்னணி நாளிதழ் ஒன்று, அவர் உடலில் ஒரு சொட்டு அமெரிக்க ரத்தமும் இல்லை என்று எழுதியது; ஓரிடத்தில் கொடும்பாவி எரித்தார்கள். இதைவிட முக்கியமான இழப்பு அடுத்த ஆண்டு வந்தது. 1894 ஜூலையில் ரயில்வே தொழிலாளர்களின் புல்மன் வேலைநிறுத்தத்தின்போது, மாநிலம் கேட்காமலேயே குடியரசுத் தலைவர் கிளீவ்லாண்ட் சிகாகோவுக்குப் படை அனுப்பினார். ஆல்ட்கெல்ட் அனுப்பிய கண்டனத் தந்திகள் அரசமைப்புச் சட்டத்தின்படி கவனமாக வாதாடியவை. ஆனால் கலகக்காரர்களை விடுவித்த ஆளுநரின் குரலாகவே அவை கேட்கப்பட்டன. இரண்டாவது வழியை எடுத்திருந்தால் அந்தத் தந்திகளுக்குக் கூடுதல் எடை இருந்திருக்கும் என்பது உண்மை. நான்காவது வழியின் உண்மையான விலை இதுதான், தேர்தல் தோல்வியல்ல. 1896-இல் அவர் ஆளுநர் பதவியை ஜான் டேனரிடம் இழந்தார். செல்வமும் கரைந்தது. கடைசிக் காலத்தில் டாரோவின் சட்ட அலுவலகத்தில் வேலை பார்த்து, 1902 மார்ச்சில் ஜோலியட் நகரில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனோடு போரிட்ட போயர் மக்களுக்கு ஆதரவாகப் பேசிய மறுநாள் காலமானார்.

விடுதலையான ஃபீல்டன் கொலராடோவில் நிலம் வாங்கி 1922 வரை வாழ்ந்தார். ஷ்வாப் 1898-லும் நீப் 1916-லும் இறந்தார்கள். தூக்கிலிடப்பட்டவர்களுக்குச் சிகாகோ புறநகரின் வால்ட்ஹைம் கல்லறைத் தோட்டத்தில் எழுப்பிய நினைவுச் சின்னம், மன்னிப்புக்கு முந்திய நாளான 1893 ஜூன் 25 அன்று திறக்கப்பட்டது. அப்போது அதில் ஆளுநரின் சொல் எதுவும் இல்லை. பின்னர் அவருடைய ஆணையின் வாசகத்தை வெண்கலத்தில் வார்த்து அதில் பதித்தார்கள்.